வாசகர் கேள்வி: ஐனு மொழி

கேள்வி: ஜப்பானின் ஐனு மக்கள் பேசுவது ஜப்பானிய மொழியின் வட்டார வழக்கா? அது இன்னும் பேசப்படுகிறதா?
– ஏற்காடு வாசகி ஒருவர்

பதில்: வட்டார வழக்கு அன்று. ஜப்பானின் வடகோடித் தீவான ஹொக்கைடோவிலும் அதற்கப்பால் சகாலின், குரில் தீவுகளிலும் வாழ்ந்துவந்த ஐனு மக்களின் மொழிக்கு, ஜப்பானியம் உட்பட வேறெந்த மொழியோடும் உறவு இருப்பதாக இதுவரை நிறுவப்படவில்லை. ஏரியும் காடும் சேர்ந்து ஏற்காடு ஆயிற்று என்று உங்கள் ஊர்ப்பெயருக்கு விளக்கம் சொல்வார்கள் அல்லவா? அதுபோல ஹொக்கைடோ வரைபடத்தில் பெட்சு, நாய் என்று முடியும் பெயர்கள் ஏராளம். ஆற்றையும் ஓடையையும் குறிக்கும் 'பெட்', 'நய்' என்ற ஐனு சொற்களே அவற்றின் மூலம். வக்கனாய் நகரின் பெயருக்குக் குளிர்ந்த நீரோடை என்று பொருள். பேசுவோர் அருகிவிட்ட பின்னும் நிலம் அந்த மொழியை வைத்திருக்கிறது.

1869இல் ஹொக்கைடோ தீவை ஜப்பான் தன் ஆட்சிக்குள் கொண்டுவந்தது. 1899ஆம் ஆண்டுச் சட்டம், 'பாதுகாப்பு' என்ற பெயரில், வேட்டையும் மீன்பிடிப்பும் அறிந்த மக்களை உழவுக்குத் திருப்பியது; பள்ளிகளில் ஜப்பானியமே கற்பிக்கப்பட்டது. அச்சட்டம் நீங்கியது 1997இல்தான்.

இவ்வரலாற்றில் என் மனத்தை விட்டு அகலாதவர் சிரி யூகியே. எழுத்து வடிவம் இல்லாதிருந்த தம் மொழியின் வாய்மொழிக் காவியப் பாடல்களை, பாட்டியிடமும் அத்தையிடமும் கேட்டு வளர்ந்த அந்த இளம்பெண், ரோமன் எழுத்தில் பதிந்து ஜப்பானிய மொழிபெயர்ப்பும் செய்தார். 1922இல், தம் 19ஆம் வயதில், இதயநோயால் இறந்தார். நூல் அச்சில் வந்தது மறு ஆண்டு.

ஐனு மொழி மிகக் கடுமையான அழிவு நிலையில் இருப்பதாக யுனெஸ்கோ 2009இல் அறிவித்தது. 2019ஆம் ஆண்டுச் சட்டம் ஐனு மக்களைப் பூர்வகுடிகளாக ஏற்றது. 2020இல் ஷிராவோய் நகரில் அவர்களுக்கெனத் தேசிய அருங்காட்சியகம் திறக்கப்பட்டது.