நவி மும்பை ஐரோலி டேட்டா சென்டரும் நம்ம ஏரியா வெக்கையும்: கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

கே: அண்ணா, எங்க சொசைட்டி பின்னாடி டேட்டா சென்டர் வந்திருக்கு, கட்டடம் பூரா சர்வர் கம்ப்யூட்டருங்க. உள்ள போற கரண்ட்ல எவ்ளோ சூடா வெளிய வரும்?

ப: மொத்தமும்தான் தம்பி. 1 மெகாவாட் சர்வருக்குப் போனா 1 மெகாவாட் சூடு, அதை வெளிய தள்ற சில்லர் (பெரிய குளிரூட்டுற மெஷின்), பம்ப், ஃபேன் இழுக்குற கரண்ட்டும் கூடவே சூடாகும். உச்சி வெயில்ல ஒரு சதுர மீட்டர்ல சுமார் 1000 வாட் விழும், 50 மெகாவாட் இழுக்குற கேம்பஸ் 5 ஏக்கர்ல இருக்குன்னு வைங்க, சதுர மீட்டருக்கு சுமார் 2500 வாட், அதுவும் விடிய விடிய. பகல்ல கடல்காத்து அடிச்சிட்டுப் போயிடும். ராத்திரி காத்து அடங்கிடும், சூடு கலையுற உயரமும் கம்மி, அப்பதான் தெரியும். மாடில சில்லர நெருக்கி வச்சிருந்தா ஒண்ணு ஊதுற சூட்ட பக்கத்துது இழுக்கும், கரண்ட் இன்னும் ஏறும்.

கே: போன்ல எங்க தெரு ஏர்போர்ட்ட விட 4 டிகிரி ஜாஸ்தி காட்டுது. இதனாலதானே?

ப: ஆப் உங்க தெருவுக்கு வந்து அளக்கல. தெர்மாமீட்டர நிழல்ல, சுவத்த விட்டு தள்ளி, ஒண்ணரை மீட்டர் உயரத்துல வைங்க, காத்து எந்தப் பக்கம்னும் குறிச்சுக்கோங்க.

கே: கூலிங் டவர் புகை விஷமா சார்?

ப: புகை இல்லைங்க, நீராவி. தண்ணிய ஆவியாக்கி சூட்ட வெளியேத்தறதுதான் அந்த டவர் வேலை. டவர ஒழுங்கா பராமரிக்காம விட்டா நுரையீரலத் தாக்குற லெஜியோனெல்லா கிருமி வரும், அதுக்கு பயப்படுங்க. 1 மெகாவாட்ட ஒரு மணி நேரம் ஆவியாக்கியே தணிச்சா சுமார் 1500 லிட்டர் காலி. குடிதண்ணியா, சுத்திகரிச்ச கழிவுநீரா, எந்தத் தண்ணின்னு கேளுங்க. மழைக்காலத்துல காத்தே ஈரம், டவர் திணறும்.

கே: ஊர் பூரா ஏசி ஓடுது, இவங்கள மட்டும் ஏன் திட்டறீங்க?

ப: திட்டல சார். ஏசியும் குத்தவாளிதான், அமெரிக்காவுல ஃபீனிக்ஸ் நகரத்துக்கு 2014ல ஆராய்ச்சி வந்துச்சு, ஏசி சூட்டால ராத்திரி சில இடத்துல 1 டிகிரிக்கு மேல ஏறுதுன்னு. ஆனா 1.5 டன் ஏசி இழுக்கறது 1.5 கிலோவாட் கிட்ட. 50 மெகாவாட்னா 33,000 ஏசி, ஒரே காம்பவுண்ட்ல.

கே (அதே சார்): வீட்டு ஏசி 6 கிலோவாட்டுக்கு மேல வெளிய தள்ளுதே?

ப: அதுல பாதிக்கு மேல ரூமுக்குள்ள வெளியிலிருந்து வந்த சூடு சார், திரும்பிப் போகுது. ஊருக்குப் புதுசா சேர்றது கரண்ட்தான். இதுக்கு மேல உங்ககூட வாதாட தெம்பில்ல.

கே: டென்மார்க்ல, ஓடென்சே ஊர்ல இந்த சூட்டுல வீட்ட சூடாக்கறாங்களாமே?

ப: ஐரோலில ஹீட்டர் யாருக்கு வேணும்? சர்வர் காத்து 35, 40 டிகிரிதான், சூட்டுல ஓடுற கூலிங் மெஷினுக்கும் இது பத்தாது.

கே: போன்ல 41 காட்டுது...

ப: மேல படிங்க.

கே: ராத்திரி ஃபேன் சத்தம் தாங்கல அண்ணா.

ப: அது என் லைன் இல்லம்மா. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுதிக் குடுங்க, எத்தன மணிக்குன்னு குறிச்சு.