வேலைப் பயணத்தில் சாப்பாடும் உடற்பயிற்சியும்: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

நான் உணவியல் ஆலோசகர். பயிற்சி வகுப்பு எடுப்பதற்காக மாதத்தில் பத்துப் பன்னிரண்டு நாள் வெளியூரில் தங்குகிறேன். பதினான்கு வருடமாக இப்படித்தான். கீழே சொல்வதில் பாதி படித்தது, மீதி பெட்டியும் கையுமாக அலைந்து கற்றுக்கொண்டது. ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறேன்.

பிரகாஷ்: மேடம், மாதத்தில் மூன்று வாரம் வெளியூர். இரண்டு வருடத்தில் ஒன்பது கிலோ ஏறிவிட்டது. சோற்றைக் குறைத்தேன், இனிப்பை விட்டேன். எடை அசையவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

சோற்றையும் இனிப்பையும் பிறகு பார்ப்போம், பிரகாஷ். ஊர் போய்ச் சேர்கிற அன்று ராத்திரி என்ன சாப்பிடுகிறீர்கள் என்று முதலில் பாருங்கள். என்னிடம் வருகிறவர்களை மூன்று நாள் சாப்பிட்டதை அப்படியே எழுதிவரச் சொல்வேன். காலையும் மதியமும் பெரும்பாலும் ஒழுங்காகவே இருக்கும். அந்த முதல் ராத்திரியில்தான் எல்லாம் தடம் மாறும்.

எனக்கும் நடந்திருக்கிறது. வண்டி நான்கு மணி நேரம் தாமதம். மதியம் ஒரு மணிக்குச் சாப்பிட்டதோடு சரி. அறைக்குள் நுழையும்போது இரவு பதினொன்றே கால். விடுதிச் சமையலறையைப் பத்தரைக்கே மூடிவிட்டார்கள். அறையில் இருந்த சின்ன ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் இரண்டு பாக்கெட் சிப்ஸ், ஒரு சாக்லேட், ஒரு குளிர்பானம். செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றபடியே அத்தனையையும் முடித்தேன். மூன்று மணிக்கு நாக்கு வறண்டு விழித்தேன். காலையில் பசியில்லை, காபியை மட்டும் குடித்துவிட்டு வகுப்புக்குப் போனேன். மதியம் கிடைத்ததையெல்லாம் அள்ளிப் போட்டுக்கொண்டேன், சாயங்காலம் தலைவலி.

பசி முற்றிவிட்டால் யாராலும் நிதானமாகத் தேர்ந்தெடுக்க முடியாது. கூடவே தூக்கமும் கெடுகிறது. தூக்கம் குறையும்போது பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் கூடுகிறது, போதும் என்று சொல்லும் லெப்டின் ஹார்மோன் குறைகிறது. மறுநாள் பொரித்ததும் இனிப்பும் சுண்டி இழுப்பதற்கு இதுவும் ஒரு காரணம். மன உறுதி இல்லை என்று உங்களை நீங்களே திட்டிக்கொள்ள வேண்டாம்.

இரண்டு காரியம் செய்யுங்கள். பயண நாளில் சாயங்காலம் ஐந்து, ஆறு மணி வாக்கில், பசித்தாலும் பசிக்காவிட்டாலும், ஒரு பழமும் ஒரு கைப்பிடிக் கடலையும் சாப்பிட்டுவிடுங்கள். கிளம்புவதற்கு முன் விடுதிக்குப் போன் போட்டு, சமையலறை எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்று கேளுங்கள். சீக்கிரம் மூடுவார்கள் என்றால் வழியிலேயே இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொள்ளுங்கள். ஒரு மாதம் இதை மட்டும் செய்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

ரேவதி: அக்கா, உங்கள் பையில் என்னென்ன வைத்திருப்பீர்கள்? ஒன்று விடாமல் சொல்லுங்கள்.

உப்பில்லாமல் வறுத்த நிலக்கடலை, பாதாம். இவற்றைக் கைப்பிடி கைப்பிடியாகச் சின்ன டப்பாக்களில் பிரித்து வைப்பேன். ஒரே பெரிய டப்பாவில் வைத்தால் பேச்சுவாக்கில் பாதி காலியாகிவிடும், 30 கிராமிலேயே 170 கலோரிக்கு மேல் இருக்கிறது. ஆப்பிள் மாதிரி கசங்காத பழம் இரண்டு. ஓட்ஸ் பொட்டலம் மூன்று. மூடி போட்ட கிண்ணமும் ஸ்பூனும் கட்டாயம். அறையில் கெட்டில் இருந்தால் வெந்நீர் ஊற்றி ஐந்து நிமிடம் மூடிவைத்தால் போதும், ராத்திரி எத்தனை மணிக்குப் போனாலும் ஒரு வேளை சாப்பாடு தயார். அப்புறம் உப்பு சர்க்கரைக் கரைசல் பாக்கெட் இரண்டு, உடற்பயிற்சிக்கான ரப்பர் பட்டை ஒன்று, காலித் தண்ணீர் பாட்டில் ஒன்று.

விமானத்தில் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது: தயிர், கடலை வெண்ணெய் எல்லாம் பாதுகாப்புச் சோதனையில் திரவக் கணக்கில்தான் வரும். பல விமான நிலையங்களில் 100 மில்லிலிட்டருக்கு மேல் கைப்பையில் விடமாட்டார்கள். பழங்களை நாடு விட்டு நாடு கொண்டுபோகப் பல இடங்களில் தடை உண்டு, இறங்குவதற்கு முன்பே சாப்பிட்டு முடித்துவிடுங்கள்.

ஜெயந்தி: காலை பஃபேயில் எவ்வளவு கட்டுப்படுத்தினாலும் வயிறு முட்டத்தான் எழுந்திருக்கிறேன்.

தட்டைக் கையில் எடுக்காமல் ஒரு சுற்று சுற்றி வாருங்கள். எது உண்மையிலேயே வேண்டும் என்று முடிவு பண்ணிய பிறகு தட்டை எடுங்கள். பாதித் தட்டு காயும் பழமும், கால் தட்டு முட்டை, பயறு, தயிர் மாதிரி புரதம், கால் தட்டு தானியம். ஹார்வர்டு பொதுச் சுகாதாரப் பள்ளி 2011-இல் வெளியிட்ட தட்டுப் படமும் கிட்டத்தட்ட இதைத்தான் சொல்கிறது, நினைவில் வைக்க எளிது. பழச்சாற்றைத் தாண்டிப் போய்விடுங்கள். பழமாகச் சாப்பிட்டால் கணக்கில் வராத சர்க்கரை, சாறாகப் பிழிந்ததும் உலக சுகாதார நிறுவனம் குறைக்கச் சொல்லும் சர்க்கரையில் சேர்ந்துவிடுகிறது. 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கு அவர்கள் வைத்திருக்கும் உச்ச வரம்பு நாளுக்கு 50 கிராம்.

சதீஷ்: ஜிம் இல்லாத விடுதிகளில்தான் எனக்கு அறை போடுகிறார்கள். கீழ்த்தளத்தில் ஆள் இருப்பதால் குதிக்க முடியாது. இருபது நிமிடம்தான் ஒதுக்க முடியும்.

இருபது நிமிடம் தாராளம், சதீஷ். குதிக்கவே வேண்டாம்.

சக்கரம் இல்லாத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். மூன்று எண்ணிக்கையில் மெதுவாக உட்காருங்கள், உடம்பு நாற்காலியைத் தொட்டதும் எழுந்துவிடுங்கள். பன்னிரண்டு முறை. அடுத்து, அசையாத மேசையின் விளிம்பில் கை ஊன்றித் தண்டால், முடிந்த அளவு. அது சுலபமாக வந்தால் தரையில் எடுங்கள். மூன்றாவதுதான் எல்லாரும் விட்டுவிடுவது, முதுகுக்கான பயிற்சி. முதுகுப்பையிலிருந்து லேப்டாப்பை வெளியே எடுத்துவிட்டு, தண்ணீர் நிரப்பிய பாட்டில்களை அடுக்குங்கள். ஒரு கையைக் கட்டிலில் ஊன்றிக் குனிந்து, மறு கையால் பையை இடுப்பு வரை இழுங்கள். பக்கத்துக்குப் பத்து. நாள் முழுக்க லேப்டாப் முன் கூனி உட்காருகிறவர்களுக்கு இது மிகவும் தேவை. கடைசியாக முழங்கை ஊன்றி உடம்பை நேராகப் பிடிக்கும் பிளாங்க், அரை நிமிடம். இந்த நான்கும் சேர்ந்தது ஒரு சுற்று. மூச்சு வாங்கினால் நின்று, மொத்தம் நான்கு சுற்று.

காலையில் எழுந்ததும், போனைத் தொடுவதற்கு முன், செய்துவிடுங்கள். சாயங்காலத்துக்கு ஒத்திப்போட்டால் வேலை முடிந்து வரும் களைப்பில் நடக்காது.

பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பும், இரண்டு நாளாவது தசைப் பயிற்சியும் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல். தொடர்ந்து பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்ற பழைய நிபந்தனையை அதில் எடுத்துவிட்டார்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறிய படிக்கட்டும், விமான நிலையத்தில் விறுவிறுவென்று நடந்த நடையும் கணக்கில் சேரும். ஊரில் தவறாமல் எடை தூக்குகிறவர்கள் பயண வாரத்தில் ஒன்றிரண்டு முறை நன்றாக முயன்று செய்தாலே இருக்கிற வலுவைக் காப்பாற்றிக்கொள்ளலாம்.

விக்னேஷ்: பயணத்துக்குப் புரோட்டீன் பவுடர் அவசியமா?

இல்லை. முட்டை, தயிர், பயறு, மீன் எதுவுமே கிடைக்காத இடத்துக்குப் போனால் மட்டும் ஒரு பொட்டலம் எடுத்துப் போகலாம்.

தேன்மொழி: விமானத்தில் வயிறு உப்புகிறது, கால் வீங்குகிறது. ஏன் மேடம்?

விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தம் 1,800 முதல் 2,400 மீட்டர் உயர மலைமேல் இருப்பதற்குச் சமம். அழுத்தம் குறைந்தால் குடலில் உள்ள வாயு விரியும். ஏறுவதற்கு முன்பும் உள்ளேயும் சோடா வகைகள் வேண்டாம், வயிறு நிறையவும் சாப்பிட வேண்டாம். காற்று மிகவும் வறண்டிருக்கும், தண்ணீரை அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள்.

காலைத் தொங்கப்போட்டு அசையாமல் இருப்பதால்தான் வீக்கம். கணுக்காலை மேலும் கீழும் ஆட்டுங்கள், மணிக்கொரு தடவை எழுந்து நடங்கள். நான்கு மணி நேரத்துக்கு மேல் போகும் பயணங்களில் காலில் ரத்தம் உறையும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. ஆரோக்கியமானவர்களுக்கு அது அபூர்வம்தான். ஆனால் ஒரு காலில் மட்டும் கெண்டைக்கால் வீங்கி வலித்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். திடீரென்று மூச்சுத் திணறினாலோ நெஞ்சு வலித்தாலோ உடனே அவசரச் சிகிச்சைக்குப் போய்விடுங்கள்.

அருண்: அக்கா, வாடிக்கையாளரோடு ராத்திரி விருந்து. சாப்பிட மாட்டேன் என்று சொன்னால் தப்பாக நினைப்பார்கள். மதுவும் உண்டு.

சாப்பிடுங்கள் தம்பி, மறுக்கவே வேண்டாம். பட்டினியோடு மட்டும் போகாதீர்கள். கிளம்புவதற்கு அரை மணி முன் அறையில் ஒரு பழமோ கொஞ்சம் தயிரோ சாப்பிட்டுவிட்டுப் போங்கள், முதலில் வரும் எண்ணெயில் பொரித்த வகையில் கை தானாகப் போகாது. நல்ல கேள்வி கேட்டு அடுத்தவரைப் பேசவைப்பவர் மெதுவாகத்தான் சாப்பிடுவார், விருந்துக்கும் அதுதான் அழகு.

மது வேண்டாம் என்பதுதான் என் ஆலோசனை. ஒரு கிராம் ஆல்கஹாலில் 7 கலோரி. அதைவிடப் பெரிய நஷ்டம் தூக்கம்: படுத்ததும் தூங்கிவிடுவீர்கள், பின்னிரவில் தூக்கம் உடைந்து உடைந்து போகும். கையில் எலுமிச்சை போட்ட தண்ணீர் இருந்தால் பெரும்பாலும் யாரும் கேட்க மாட்டார்கள்.

நித்யா: புது இடத்தில் முதல் ராத்திரி தூக்கமே வருவதில்லை. வேறு நேர மண்டலம் என்றால் இன்னும் மோசம்.

உங்களுக்கு மட்டுமில்லை, நித்யா. புது இடத்தில் முதல் இரவு மூளையின் ஒரு பாதி மற்றதைவிட விழிப்பாக இருப்பதை 2016-இல் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள். அதனால் முக்கியமான கூட்டத்துக்கு முடிந்தால் ஒரு நாள் முன்பே போய்விடுங்கள். வீட்டுத் தலையணை உறையை எடுத்துப் போவது எனக்கு உதவுகிறது.

நேர மண்டலம் மாறினால் உடம்புக் கடிகாரம் தோராயமாக ஒரு மணி நேர வித்தியாசத்துக்கு ஒரு நாள் எடுத்துக்கொள்ளும். கிழக்கே போவது பெரும்பாலோருக்கு அதிகக் கஷ்டம். போன இடத்து நேரப்படி சாப்பிடுங்கள், பகலில் வெளிச்சத்தில் இருங்கள். காபியை மதியத்தோடு நிறுத்துங்கள். குடித்த காஃபீனில் பாதி வெளியேறவே ஐந்து மணி நேரம் போல ஆகும்.

ராமலிங்கம்: இன்சுலின் போடுகிறேன், வயது 52. அடுத்த மாதம் நீண்ட விமானப் பயணம்.

ஐயா, இன்சுலின் முழுவதும் கைப்பையில்தான் இருக்க வேண்டும். சரக்கறைக்குப் போகும் பெட்டியில் வைத்தால் உறைந்து கெட்டுப்போகலாம், பெட்டியே வராமலும் போகலாம். தேவையைப் போல இரண்டு மடங்கு எடுத்து, இரண்டு பைகளில் பிரித்து வையுங்கள். மருத்துவரின் கடிதமும் வேண்டும். நேர மண்டலம் தாண்டும்போது ஊசி அளவும் நேரமும் மாறும், பயணச் சீட்டைக் காட்டி உங்கள் மருத்துவரிடமே எழுதி வாங்குங்கள். இதில் என் யோசனையோ வேறு யார் யோசனையோ வேண்டாம். சாப்பாடு கண்முன் வந்த பிறகு ஊசி போடுங்கள், தாமதமான சாப்பாட்டை நம்பி முன்கூட்டியே போட வேண்டாம். சர்க்கரை 70-க்குக் கீழே போனால் 15 கிராம் குளுக்கோஸ், பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி சோதனை. அந்தக் குளுக்கோஸ் சட்டைப் பையில் இருக்கட்டும், எழுந்து தேடும் நிலையில் இருக்க மாட்டீர்கள்.

ஷாலினி: தனியாகத் தங்கும் பெண். இருட்டியபின் தெரியாத ஊரில் நடக்கப் பயமாக இருக்கிறது.

பயம் நியாயமானது, அதை மீறிப் போகாதீர்கள். உடற்பயிற்சிக்காக யாரும் பாதுகாப்பை விட வேண்டியதில்லை. நான் மதியச் சாப்பாடு முடிந்ததும் பகல் வெளிச்சத்திலேயே பதினைந்து நிமிடம் நடந்துவிடுவேன். சாப்பிட்டதும் நடப்பது ரத்தச் சர்க்கரைக்கும் நல்லது. ராத்திரி என்றால் அறைக்குள்ளேயே போன் பேசிக்கொண்டு நடக்கலாம்.

மணிகண்டன்: எங்கே போனாலும் மூன்றாம் நாள் வயிறு கெடுகிறது.

சூடாக வரவேண்டியது ஆவி பறக்க வரட்டும், குளிர வைக்கவேண்டியது சில்லென்று இருக்கட்டும். இரண்டுக்கும் நடுவில் வெதுவெதுப்பாக இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடந்ததைத் தொடாதீர்கள். தண்ணீர் மேல் சந்தேகம் என்றால் ஐஸ் கட்டியும் வேண்டாம், அதுவும் அந்தத் தண்ணீர்தான். கெட்டுவிட்டால் உப்பு சர்க்கரைக் கரைசலைப் பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுப்படியே கலந்து குடியுங்கள். காய்ச்சலோ மலத்தில் ரத்தமோ இருந்தால், கழிச்சலை நிறுத்தும் மாத்திரையை நீங்களாகப் போடாமல் மருத்துவரிடம் போங்கள்.

கௌசல்யா: நாளை விடியற்காலை கிளம்புகிறேன். இதையெல்லாம் செய்ய நேரமில்லை. இன்றைக்கு மட்டும் என்ன செய்யட்டும்?

விடுதிக்குப் போன் போட்டுச் சமையலறை நேரத்தைக் கேளுங்கள். கடலையும் ஒரு பழமும் கைப்பையின் வெளி அறையில் போடுங்கள், உள்ளே போட்டால் ஐந்து மணிக்கு நினைவு வராது. அலாரத்தை வைத்துவிட்டு ஒன்பதரைக்கெல்லாம் படுத்துவிடுங்கள்.