ஸ்காட்லாந்தில் 6 நாள்: எத்தனை கோட்டை பார்க்கலாம்?

கேள்வி: ஜூன் முதல் வாரம் எடின்பரோவில் இறங்குகிறோம். 6 நாள், வாடகைக் கார். ஒன்பது கோட்டைகளைக் குறித்து வைத்திருக்கிறோம். எல்லாவற்றுக்கும் ஒரே டிக்கெட் உண்டா? அம்மாவுக்கு 70 வயது, முழங்கால் வலி.

பதில்: ஒன்பது வேண்டவே வேண்டாம். நான்காவது கோட்டையிலேயே பீரங்கியும் சுழல்படியும் சலித்துவிடும். மூன்றுக்கு மட்டும் உள்ளே போங்கள்: எடின்பரோ, ஸ்டெர்லிங், அர்க்கர்ட்.

மூன்றையும் பராமரிப்பது ஹிஸ்டாரிக் என்விரான்மென்ட் ஸ்காட்லாந்து என்ற பொது அமைப்பு. அதன் எக்ஸ்ப்ளோரர் பாஸ் மூன்றுக்கும் செல்லும். எடின்பரோவுக்கு மட்டும் நுழைவு நேரத்தையும் முன்பே பதிவு செய்யுங்கள். படங்களில் வரும் எயிலன் டோனன் ஓர் அறக்கட்டளையுடையது, இந்தப் பாஸ் அங்கே செல்லாது. அதற்காக வருந்த வேண்டாம். 1719-ல் தகர்க்கப்பட்டு, 20-ஆம் நூற்றாண்டில் திரும்பக் கட்டிய கோட்டை அது. நீருக்கு நடுவே நிற்கும் அழகு வெளியிலிருந்தே தெரியும்.

அம்மாவுக்கு எடின்பரோ கோட்டையின் கல் பாவிய ஏற்றம் சிரமம்தான். நடக்க முடியாதவர்களை மேலே கொண்டுவிட வண்டி உண்டு, வாசலில் கேளுங்கள். அர்க்கர்ட்டில் இடிபாடுகள் சரிவுக்குக் கீழே இருக்கின்றன. அவர் மேலேயே உட்கார்ந்து நெஸ் ஏரியோடு சேர்த்துப் பார்க்கட்டும். நேரம் குறைந்தால் எடின்பரோவைச் சுருக்குங்கள், ஸ்டெர்லிங்கைச் சுருக்காதீர்கள். 1543-ல் ஸ்காட்லாந்து அரசி மேரிக்குக் கைக்குழந்தையாக முடிசூட்டிய இடம் அது. மன்னர் காலத்து அறைகளை வண்ணத்தோடு மீட்டு வைத்திருக்கிறார்கள்.

இன்வெர்னெஸ் பக்கத்தில் கிளாவா கற்குவியல்களை விட்டுவிடாதீர்கள். சுமார் 4,000 ஆண்டு பழைய கல்லறைகள், சுற்றிலும் நிமிர்ந்த கற்கள். இலவசம். பெரும்பாலும் சமதளம், மரநிழல். ஆர்க்னி தீவுகளின் ஸ்காரா பிரே இதைவிடப் பழையது, ஆனால் கப்பல் ஏற வேண்டும். 6 நாளில் அது இடிக்கும்.

இன்னொரு விஷயம். கோட்டைகளை மாலை ஆறு மணிக்குள் மூடிவிடுவார்கள், வெளிச்சமோ ஜூனில் இரவு பத்து வரை இருக்கும். ஆகவே பகலில் கோட்டை, மாலையில் மலை. கிளென்கோ பள்ளத்தாக்கைச் சாப்பாட்டுக்குப் பிறகு பாருங்கள், சுற்றுலாப் பேருந்துகள் போயிருக்கும். காற்றில்லாத மாலையென்றால் மிட்ஜ் என்ற பொடிக் கொசு மொய்க்கும். பூச்சு மருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

காரை முதல் நாளே எடுக்காதீர்கள், எடின்பரோவை விட்டுக் கிளம்பும் அன்று எடுத்தால் போதும், நகருக்குள் நிறுத்தவே பெரும்பாடு. நம்மைப் போலவே இடப்பக்கம் ஓட்டும் ஊர், பயமில்லை. ஒற்றைத் தடச் சாலைகளில் மட்டும் கவனம்: ஒதுங்குமிடம் வலப்பக்கம் இருந்தால் அதற்குள் நுழையாமல், அதற்கு நேரெதிரே இடப்பக்கமே நில்லுங்கள், எதிரே வருபவர் அதில் ஒதுங்கிப் போவார். பின்னால் வண்டி சேர்ந்தாலும் அதேபோல் வழிவிட வேண்டும். கியர் இல்லாத கார் வேண்டுமென்றால் இப்போதே சொல்லி வையுங்கள், கடைசி நேரத்தில் கிடைக்காது.