கோடு விழுந்த ஃபோர்க்

கேள்வி: வேளச்சேரியில் இருக்கிறேன், வயது 46. போன மாதம் ஈ.சி.ஆரில் பள்ளத்தில் விட்டு விழுந்ததில், என் கிராவல் சைக்கிளில் (மண் சாலையிலும் ஓட்டுகிற வகை), முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கார்பன் ஃபோர்க்கில் மயிரிழை போல ஒரு கோடு. மாற்றுவதற்குக் கார்பனா, ஸ்டீலா, சஸ்பென்ஷனா என்று குழப்பம். இப்போது நான் ஓட்டுவதில்லை. வீணாக நிற்க வேண்டாமே என்று பிளஸ் ஒன் படிக்கும் பையன் டியூஷனுக்கு எடுத்துப் போகிறான், இரண்டு கிலோமீட்டர்தான்.

பதில்: தம்பி, 'நான் ஓட்டுவதில்லை' என்று எழுதிய கை, அடுத்த வரியை எப்படி எழுதியது?

ஏன் ஓட்டவில்லை? பயம். சரியான பயம்தான். ஸ்டீல் பெரும்பாலும் வளைந்து காட்டிக்கொடுக்கும். அடிபட்ட கார்பன் ஒன்றும் சொல்லாமல் பட்டென்று முறியும். முன் ஃபோர்க் போனால் கையை ஊன்றக்கூட நேரமிருக்காது, முகம்தான் தரையில் படும். விஜயநகர் சந்திப்பில் சாயங்காலம் பஸ் எப்படித் திரும்புகிறது என்று நீங்கள் பார்க்காததா? இரண்டு கிலோமீட்டராம்!

ஊசிப்போயிருக்கிறதா என்று தாய் முதலில் தன் வாயில் வைத்துப் பார்ப்பாள். நீங்கள் வாயில் வைத்துப் பார்த்து, துப்பிவிட்டு, அதையே பிள்ளைக்கு ஊட்டியிருக்கிறீர்கள். கடிதத்தில் அவன் அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கோடு விஷயம் அவருக்குத் தெரிந்திருந்தால் சைக்கிள் வாசலைத் தாண்டியிருக்காது.

சரி, ஃபோர்க். சஸ்பென்ஷன் வேண்டாம். உயரம் கூடி ஹேண்டில் திரும்புகிற விதமே மாறும், சர்வீஸ் செலவு வேறு. பள்ளத்துக்குக் கொஞ்சம் அகலமான டயர் போட்டு, காற்றைக் குறைத்து ஓட்டினாலே பாதி அதிர்ச்சி போய்விடும். நானாக இருந்தால் ஸ்டீல்தான் வாங்குவேன். அரைக் கிலோ கூடினால் கூடட்டும். கடற்காற்றுக்குத் துருப்பிடிக்கும், மாட்டுவதற்கு முன்னால் ஃபோர்க்கின் குழாய்க்குள் எண்ணெய் தடவச் சொல்லுங்கள். கார்பன்தான் வேண்டுமென்றாலும் தப்பில்லை, ஆனால் புதிதாக வாங்குங்கள். யாரோ விழுந்து எழுந்து விற்கிற செகண்ட் ஹேண்ட் கார்பன் வேண்டவே வேண்டாம்.

எதுவானாலும் ஸ்கேலை எடுத்துப் பழையதை அளங்கள். ஆக்சில், அதாவது சக்கர அச்சின் நடுவிலிருந்து மேலே பேரிங் உட்காரும் இடம்வரை எவ்வளவோ, புதியதிலும் ஐந்து மில்லிமீட்டருக்குள் அதுவே வேண்டும். ரேக் அளவும், அதாவது ஹேண்டில் திரும்பும் கோட்டிலிருந்து ஆக்சில் எவ்வளவு முன்னால் தள்ளி நிற்கிறது என்பதும், ஒத்துப்போக வேண்டும். ஃபோர்க்கிலிருந்து மேலே ஹேண்டில்வரை போகும் தண்டு கீழே பருத்ததா என்று பாருங்கள்: இப்போது நிறைய சைக்கிள்களில் மேலே ஒன்றே அரைக்கால் அங்குலம், கீழே ஒன்றரை. ஆக்சில் 12 மில்லிமீட்டர் த்ரூ ஆக்சிலா (சக்கரத்தின் நடுவே நுழைத்துத் திருகுவது), பிரேக் ஃபிளாட் மவுன்ட்டா (ஃபோர்க்கோடு தட்டையாக ஒட்டி உட்காருவது) என்பதையும் குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள். தண்டை அளந்து வெட்டுவது மெக்கானிக் வேலை, வீட்டில் ரம்பத்தைத் தூக்காதீர்கள்.

ஆனால் அதெல்லாம் சனிக்கிழமை. இன்றைக்கு ராத்திரியே முன் சக்கரத்தைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளுங்கள். நாளைக்கு டியூஷனுக்கு நீங்களே வண்டியில் கொண்டுபோய் விடுங்கள். ஏன்ப்பா என்று கேட்பான். அவன் அம்மாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பதில் சொல்லுங்கள்.