கணினி கேள்வி–பதில்: ‘சேமிக்கவா?’ என்று பெட்டி கேட்கும்போது

கேள்வி: விண்டோஸ் 10 நோட்பேடில் வேலை முடித்து மூடும்போது சேமிக்கவா என்று கேட்கும். வேண்டாம் என்பதற்கு ‘என்’ (N) விசையை அழுத்துவேன். சில நாள் வேலை செய்கிறது, சில நாள் ஒன்றுமே நடப்பதில்லை. கீபோட் பழுதா?
(வாசகி, களுவாஞ்சிக்குடி)

பதில்: கீபோட்டில் குற்றமில்லை. பெட்டி வந்த நேரம் நீங்கள் ஆங்கிலத்தில் நின்றீர்களா, தமிழில் நின்றீர்களா என்பதுதான் சங்கதி. ‘டோன்ட் சேவ்’ பொத்தான் ‘என்’ என்ற எழுத்துக்காகக் காத்திருக்கிறது. யூனிகோட் தமிழில் நிற்கும்போது அதே விசை ஒரு தமிழ் எழுத்தைத்தான் அனுப்பும். பொத்தானுக்கு அது யாரோ. ஆல்ட்டைச் சேர்த்து அழுத்தினாலும் அதே கதைதான். ‘கன்ட்ரோல் எஸ்’ மட்டும் தமிழிலும் எப்படி வேலை செய்கிறது என்று கேட்பீர்கள். அது எழுத்தைப் பார்ப்பதில்லை, எந்த விசை அழுத்தப்பட்டது என்றே பார்க்கிறது.

என்டர், எஸ்கேப், டப், ஸ்பேஸ் நான்குக்கும் மொழி கிடையாது. பெட்டி திறந்ததும் தெரிவு ‘சேவ்’ மீது நிற்கும். என்டர் தட்டினால் சேமிக்கும். வேண்டாமென்றால் டப் ஒரு தடவை, பிறகு ஸ்பேஸ். எஸ்கேப் அடித்தால் பெட்டி மட்டும் போகும், எழுதியது அப்படியே இருக்கும். சந்தேகம் என்றால் எஸ்கேப்தான். எழுத்து விசையே வேண்டுமென்றால் விண்டோஸ் விசையோடு ஸ்பேஸை அழுத்தி முதலில் ஆங்கிலத்துக்கு மாறுங்கள்.

இன்னும் பாமினி எழுத்துருவில் டைப் பண்ணுகிறவர்கள்தான் கூடக் கவனிக்க வேண்டும். திரையில் தமிழ் தெரிந்தாலும் உள்ளே போவது ஆங்கில எழுத்து. பாமினியில் ‘என்’ விசை எது? ஒற்றைக் கொம்பு! தாளைப் பார்த்து மனுவொன்றை டைப் பண்ணும்போது கை தவறி ஆல்ட்டும் எஃப் 4உம் பட்டு, பெட்டி வந்ததைக் காணாமல் அடுத்ததாக ‘பெ’ எழுதப் போனால், கொம்போடு முழு மனுவும் போய்விடும். பந்திக்கு ஒரு தடவை ‘கன்ட்ரோல் எஸ்’ அடிப்பதைத் தவிர இதற்கு வேறு மருந்தில்லை.

கேள்வி: பாடசாலை லினக்ஸ் கணினியில் நேனோ என்ற எழுத்துத் திருத்தியில் கோப்பைத் திருத்தி, மூடுவதற்கு ‘கன்ட்ரோல் எக்ஸ்’ அடித்து, சேமிக்கவா என்றதற்கு ‘வை’ (Y) கொடுத்தேன். வேறு பெயரில் சேமிக்கவா என்றது. அதற்கும் ‘வை’ கொடுத்தேன். திறந்து பார்த்தால் பழைய கோப்பு மாறவே இல்லை.
(மாணவர், அக்கரைப்பற்று)

பதில்: முதல் ‘வை’ கோப்பைச் சேமிப்பதில்லை. அதன் பிறகு கீழே கோப்பின் பெயர் வரும். அங்கே என்டர் தட்டினால்தான் சேமிப்பு. என்டருக்கு முன் வேறு ஏதோ விசை பட்டு, பெயரின் கடைசியில் ஓர் எழுத்து ஒட்டியிருக்கிறது. இரண்டாவது ‘வை’ அந்தப் புதுப் பெயரில் இன்னொரு கோப்பை உண்டாக்கிவிட்டது. அதே கோப்புறையில் தேடுங்கள், உங்கள் திருத்தம் அதற்குள் இருக்கும். இனி அப்படிக் கேட்டால் ‘என்’ கொடுங்கள். பெயர் வரிக்கே திரும்பும், ஒட்டிய எழுத்தை அழித்துவிட்டு என்டர். ஆனால் முதல் கேள்விக்கு மட்டும் ‘என்’ கொடுத்துவிடாதீர்கள், மறு கேள்வி கேட்காமல் திருத்தத்தை வீசிவிடும்.

‘மைனஸ் டீ’ (-t) சேர்த்து நேனோவைத் திறந்தால் சேமிக்கவா என்ற கேள்வி இல்லாமலே சேமித்து வெளியேறும். பலர் பாவிக்கும் பொதுக் கணினிக்கு அது சரிவராது. தெரியாமல் அழித்ததையும் சேர்த்தே சேமித்துவிடும்.