ஏறாத விமானத்தின் பைகள்: கேள்வி பதில்

நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் அறைப் பையனாகச் சேர்ந்து, 26 ஆண்டுகள் கழித்து அறைப் பராமரிப்பு மேற்பார்வையாளராக வெளியே வந்தவன் நான். விமானங்களில் பிசினஸ், முதல் வகுப்புப் பயணிகளுக்கு இலவசமாகக் கொடுக்கும் அமெனிட்டி கிட் என்ற சிறு பைகள் என்னிடம் 212 இருக்கின்றன. அந்த வகுப்புகளில் ஒருமுறைகூட உட்கார்ந்ததில்லை. விமானம் ஏறியதே திருச்சிக்குப் போகவும் வரவும்தான். அதில் கொடுத்தது ஒரு பன். இந்தப் பைகளைப் பற்றிக் கேளுங்கள் என்றேன், கேட்டுவிட்டார்கள்.

ஹட்டனிலிருந்து ஒரு தம்பி: அண்ணே, கோபிக்காதீர்கள். பற்தூரிகையும் காலுறையும் போட்ட பையில் அப்படி என்னதான் இருக்கிறது?

கோபமில்லை தம்பி. என் மனைவி 20 வருடமாகக் கேட்கும் கேள்வி இது.

முதல் பை 1999இல் கிடைத்தது. விருந்தாளி அறையைக் காலி செய்துவிட்டுப் போயிருந்தார். குப்பைக்கூடையில் கருநீலத் துணிப்பை ஒன்று கிடந்தது. சிப்பைத் திறந்தேன். கண்மூடி, மெல்லிய சாம்பல் நிறக் காலுறை, காதுக்குள் வைக்கும் மஞ்சள் பஞ்சு இரண்டு, விரல் நீளத்தில் ஒரு சீப்பு, சுண்டுவிரல் நுனி அளவு பற்பசை. சீப்பில் ஒரு பல் உடைந்திருந்தது. காலுறையைச் சுற்றிய கடதாசிப் பட்டி பிரிக்கப்படவே இல்லை.

ஓர் இரவை வானத்தில் கழிக்க ஒருவருக்கு என்னென்ன வேண்டும் என்று யாரோ உட்கார்ந்து கணக்குப் போட்டு, உள்ளங்கையளவு இடத்தில் அடுக்கியிருந்தார்கள். கொழுந்தெடுக்கப் போகும் என் அம்மாவின் இடுப்பில் ஒரு சுருக்குப்பை இருக்கும். வெற்றிலை, பாக்கு, துண்டு மஞ்சள், ஊசிநூல், இரண்டு ரூபாய். மலையில் ஒரு நாளுக்கு அம்மா போட்ட கணக்கு அது. அந்தக் குப்பைக்கூடையின் முன் குந்தியிருந்தபோது எனக்கு அந்தச் சுருக்குப்பைதான் ஞாபகம் வந்தது. அன்று பிடித்த பைத்தியம், இன்னும் தெளியவில்லை.

தலவாக்கலை, உயர்தர மாணவி: எந்த நிறுவனத்தின் பையைத் திறந்தாலும் உதட்டுப் பசையும் கிரீமும் இருக்கின்றனவே, ஏன் மாமா?

நல்ல கேள்வி மகள். உன் ஊரிலிருந்தே பதில் சொல்லலாம். விமானம் 11, 12 கிலோமீற்றர் உயரத்தில் பறந்தாலும் உள்ளே இருக்கும் காற்றழுத்தம் 1,800 முதல் 2,400 மீற்றர் உயரத்து மலையில் இருப்பதைப் போலத்தான் வைக்கப்படுகிறது. நுவரெலியா நகரம் 1,868 மீற்றர். ஹோட்டன் சமவெளி 2,100க்கு மேல். ஆகவே கொழும்பிலிருந்து டுபாய் போகும் பயணி, போகும் வழியெல்லாம் அழுத்தக் கணக்கில் நுவரெலியாவுக்கும் ஹோட்டன் சமவெளிக்கும் நடுவில் எங்கேயோதான் உட்கார்ந்திருக்கிறார். றம்பொடை ஏற்றத்தில் உனக்குக் காது அடைப்பதும் விமானம் ஏறும்போது அவருக்குக் காது அடைப்பதும் ஒரே சங்கதி.

வித்தியாசம் ஈரத்தில்தான். நம் ஊர்க் காற்றைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டும். விமானத்துக்குள் ஈரப்பதம் பெரும்பாலும் 20 வீதத்துக்கும் கீழே. வெளியே உறைபனிக் குளிரில் இருக்கும் காற்றில் ஈரமே கிடையாது. அதைத்தான் உள்ளே இழுத்துச் சூடாக்கிக் கொடுக்கிறார்கள். உதடு வெடிக்கும், கை வறளும். அதற்குத்தான் பசையும் கிரீமும்.

நம் ஊருக்கு முதன்முதலில் விமானத்தில் வந்தவர் சீதாப்பிராட்டி என்பார்கள். புஷ்பக விமானத்தில் அவருக்கு ஒரு கண்மூடிகூடக் கொடுத்ததாகக் கதையில் இல்லை.

கண்டி, வங்கி ஊழியர்: எந்த நிறுவனத்தின் பைகளைச் சேர்ப்பது நல்லது?

எமிரேட்ஸிலிருந்து தொடங்குங்கள். இங்கே எளிதாகக் கிடைப்பது அது. உள்ளே இத்தாலியின் புல்காரி நிறுவன வாசனைத் திரவியம் இருக்கும். ஆண்களுக்கு வேறு, பெண்களுக்கு வேறு. துணியும் வடிவமும் அவ்வப்போது மாறும். ஒரே மாதிரி மூன்று கிடைத்துவிட்டதே என்று சலித்து உள்ளே பார்த்தால் லைனிங் வேறாக இருக்கும்.

கட்டார் எயார்வேய்ஸ் பைகளில் எனக்குப் பிடித்தவை, இத்தாலியின் பிரிக்ஸ் நிறுவனப் பெயரில் வந்த குட்டிச் சூட்கேஸ்கள். பின்னால் வந்தவை பிரான்ஸின் டிப்டீக் பெயரில் வந்தவை. வாசனை அருமை, பை சுமார். தாய்வானின் ஈவா எயார் கொடுத்த ரிமோவா பெட்டி கடினமான ஓடு கொண்டது, ரிமோவாவின் பெரிய பெட்டிகளைப் போலவே வரிவரியாக இருக்கும். மலைநாட்டுக்கு அதைவிடப் பொருத்தமான பை இல்லை. காரணம் கீழே வருகிறது. ஓமான் எயார், தன் நாட்டு வாசனை நிறுவனமான அமுவாஜின் பொருள்களை வைத்தது. சொந்த ஊர்ப் பெருமையை வைத்துக் கொடுக்கும் அந்த எண்ணத்துக்காகவே அந்தப் பையைக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். சிங்கப்பூர் எயார்லைன்ஸின் முதல் வகுப்பில், பிரான்ஸின் லலீக் என்ற கண்ணாடிப் பொருள் நிறுவனப் பெயரில் வந்த பை என்னிடம் இல்லை. இருக்கிறவர்கள் என்னிடம் சொல்லிக்காட்ட வேண்டாம்.

ஆனால் பெரிய பெயர்களை விடச் செத்துப்போன நிறுவனங்களின் பைகளில்தான் எனக்கு ஆசை. பான் ஆம் 1991இல் நின்றது. சுவிஸ்எயார் 2002இல் கடைசியாகப் பறந்தது. நம் எயார் லங்கா 1979இல் தொடங்கியது. 1998இல் எமிரேட்ஸ் அதில் பங்கு வாங்கிய பிறகுதான் ஸ்ரீலங்கன் என்ற பெயர் வந்தது. மயில் சின்னத்தோடு ஒரு எயார் லங்கா பை வைத்திருக்கிறேன். ஓய்வுபெற்ற தோட்டத்துக் கிளாக்கர் ஒருவர் கொடுத்தார். அவருக்கு அவருடைய துரை கொடுத்தது. துரைக்கு விமானம் கொடுத்தது. மூன்று கை மாறிய பின்பும் காலுறை அப்படியே இருக்கிறது.

அதே வங்கி ஊழியர்: பழைய பை என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நிறுவனத்தின் சின்னத்தைப் பாருங்கள், பிறகு உள்ளே இருக்கும் உலோகத்தைப் பாருங்கள். 2001 செப்டெம்பர் தாக்குதலுக்குப் பின் கூரான பொருள்களை விமானத்துக்குள் விடுவதில் கெடுபிடி வந்தது. பைக்குள் சிறு கத்தரியோ நகத்தைத் தேய்க்கும் உலோக அரமோ இருந்தால் பெரும்பாலும் அதற்கு முந்தையது. மூங்கில் பற்தூரிகையும் பிளாஸ்டிக் உறைக்குப் பதிலாகக் கடதாசி உறையும் இருந்தால் அண்மைக் காலத்தது. பையின் மேல் இரண்டு பெயர் இருந்தால், அந்த இரண்டு நிறுவனங்களும் எப்போது கூட்டுச் சேர்ந்தன, எப்போது பிரிந்தன என்று தேடுங்கள். கலியாணமும் விவாகரத்தும் தெரிந்தால் பிள்ளையின் வயது தெரிந்துவிடும்.

கினிகத்தேனை, தையல் ஆசிரியை: புல்காரி என்று போட்டிருந்தால் புல்காரியே தைத்ததா?

அநேகமாக இல்லை டீச்சர். இந்தப் பைகளுக்கென்றே ஃபோர்மியா, வெஸ்கோ, பஸ் போன்ற நிறுவனங்கள் இருக்கின்றன. பிரபல நிறுவனத்திடம் பெயரைப் பயன்படுத்தும் உரிமை வாங்கி, வடிவமைத்து, தொழிற்சாலையில் தைக்க வைத்து, விமான நிறுவனத்துக்கு மொத்தமாகக் கொடுப்பது அவர்கள் வேலை. விமானத்துக்கு மதிப்பு, வாசனைத் திரவிய நிறுவனத்துக்கு, காசுள்ளவர்களின் கையில் ஏழெட்டு மணி நேரம் தன் பொருள் இருக்கும் விளம்பரம்.

என் அக்கா மகள் கட்டுநாயக்க வலயத்தில் ஆடைத் தொழிற்சாலையில் ஒன்பது வருடம் மெஷினில் இருந்தவள். ஒரு தீபாவளிக்கு வந்தபோது என் பொக்கிஷத்தில் ஒன்றை எடுத்து, பெயரைக்கூடப் பார்க்காமல், உள்ளே வெளியே திருப்பினாள். பெருவிரலால் தையலோரம் முழுவதும் தடவிக்கொண்டே போனாள். "மாமா, ஓரத்துக்கு விட்ட துணி போதாது. சிப் முடியும் இடத்தில் கெட்டித் தையல் இல்லை. இது எங்கள் லைனில் திரும்பி வந்திருக்கும்" என்றாள். நான் மிக உயர்வாக நினைத்திருந்த முதல் வகுப்புப் பை அது. அடுத்து ஒரு சாதாரணப் பையைத் திருப்பினாள், "இதைத் தைத்தவளுக்குக் கை சுத்தம்" என்றாள். அன்றிலிருந்து எந்தப் பை வந்தாலும் முதலில் உள்ளே வெளியே திருப்பித்தான் பார்க்கிறேன். பெயர் வெளியே இருக்கிறது, வேலை உள்ளே இருக்கிறது.

பண்டாரவளை, விருந்தினர் விடுதி நடத்தும் சகோதரி: என்னிடம் உள்ள பத்துப் பைகளில் நான்கு ஒட்டும் பிசுக்குமாகிவிட்டன. பூஞ்சணமும் பிடிக்கிறது. என்ன செய்யலாம் அண்ணா?

நம் ஊரில் இதைச் சேர்ப்பவர்களின் பொதுத் துயரம் இது தங்கச்சி. தோல் போலத் தெரிவதெல்லாம் தோல் இல்லை. பெரும்பாலானவை துணியின் மேல் பொலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் பூசியவை. ஈரக் காற்று பட்டுப் பட்டு அந்தப் பூச்சு தானாகவே உடையும். முதலில் பிசுபிசுக்கும், பிறகு செதில் செதிலாக உதிரும். அப்படித் தொடங்கிய பையைக் காப்பாற்ற முடியாது. அதை மற்றவற்றோடு வைக்காதீர்கள், ஒட்டிக்கொள்ளும். ரிமோவா பெட்டிக்கு இந்தத் தொல்லை இல்லை என்பதால்தான் மேலே அப்படிச் சொன்னேன்.

மற்றவற்றுக்கு என் வழி இது. பை கைக்கு வந்த அன்றே திரவமும் பசையும் உள்ள எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிடுவேன். பற்பசைக் குழாய் எப்போதாவது ஒழுகியே தீரும். அவற்றுக்கு ஒரு பிஸ்கட் டின்; எந்தப் பைக்குரியது என்று எண் எழுதிய துண்டு ஒட்டியிருப்பேன். கண்மூடியின் இலாஸ்டிக்கை இழுத்துப் பார்க்க மாட்டேன். பழைய இலாஸ்டிக் ஒருமுறைதான் இழுபடும். வெள்ளைத் துணியில் ஒவ்வொன்றையும் தளர்வாகச் சுற்றி, இறுக்கி மூடும் பிளாஸ்டிக் பெட்டியில், சப்பாத்துப் பெட்டிகளில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டு வைக்கிறேன். பெப்ரவரி, மார்ச்சில் வெயில் காயும் நாள்களில் பெட்டியைத் திறந்து நிழலில் காற்றாட விடுவேன். சுவரோரம் அலுமாரி வேண்டாம். நம் சுவர்கள் வியர்க்கும்.

ஒரு முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். தேயிலை ஈரத்தையும் வாசனையையும் இழுக்கும் என்பது நமக்குத் தெரியாததா? பூஞ்சண நாற்றம் போகட்டும் என்று துணியில் கட்டிய தேயிலைத் தூளை ஒரு பைக்குள் வைத்தேன். நாற்றம் போய்விட்டது. மழைக்காலம் முடிந்து திறந்தால், வெண்ணெய் நிற லைனிங்கில் பிளேன்டி ஊற்றியது போல் ஒரு வட்டம். அதை இன்னும் வைத்திருக்கிறேன். 212 பைகளில் மலைநாட்டு முத்திரை குத்திய பை அது ஒன்றுதான்.

பெயர் சொல்ல விரும்பாத ஒருவர்: ஹோட்டலில் விருந்தாளிகளின் பொருளை எடுத்துச் சேர்த்ததுதானே இது?

கேட்டுவிட்டது நல்லது. விருந்தாளி விட்டுச் செல்லும் பொருளுக்கு எங்கள் ஹோட்டலில் ஒரு பதிவேடு இருந்தது. அறை எண், நாள், பொருள், கண்டெடுத்தவர் பெயர் எழுதி, மூன்று மாதம் பூட்டி வைப்போம். யாரும் கேட்காவிட்டால் கண்டெடுத்தவருக்கு, முகாமையாளரின் கையெழுத்துள்ள வெளியேற்றச் சீட்டோடு. குப்பைக்கூடையில் கிடந்ததற்கும் அந்தச் சீட்டு வாங்கினேன். பைகள் சிதைந்தாலும் சீட்டுகள் சிதையவில்லை, எல்லாம் ஒரு கோப்பில் இருக்கின்றன. ஒருமுறை புதிதாக வந்த ஒரு மேலாளர், பணியாளர் வாயிலில் எல்லார் முன்னாலும் என் பையைக் கவிழ்த்துக் காட்டச் சொன்னார். ஒரு கண்மூடியும் ஒரு சீட்டும் விழுந்தன. அவர் சீட்டைப் படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். நானும் ஒன்றும் சொல்லவில்லை. இன்று சொல்கிறேன்.

மாத்தளை: முத்திரை பிரிக்காத பைகளை இணையத்தில் வாங்கலாமா? விலை ஏறுமா?

வாங்கலாம். விலை ஏறும் என்று நம்பி வாங்காதீர்கள், அதற்குத் தங்கம் இருக்கிறது. விமானங்களில் நாள்தோறும் அள்ளிக் கொடுக்கும் பொருள் இது. மேலும், பிரிக்காத பைக்குள் பற்பசை ஒழுகினால் உங்களுக்குத் தெரியவே தெரியாது. எனக்கு ஒரு காலுறை குறைந்த பைதான் பிடிக்கும். யாரோ போட்டுக்கொண்டு தூங்கியிருக்கிறார்.

ஹட்டன் பக்கத்து நூலகர்: உலக சாதனை ஏதும் உண்டா?

நம் பைக்கு அண்ணன் முறையான வாந்திப் பைக்கு உண்டு. நெதர்லாந்தின் நீக் வெர்மியூலன், 1,191 விமான நிறுவனங்களின் 6,290 வாந்திப் பைகளைச் சேர்த்ததாக 2012 கணக்கோடு கின்னஸில் இருக்கிறார். பயன்படுத்தாதவைதான், பயப்பட வேண்டாம். அதே நாட்டின் கேஎல்எம் பிசினஸ் வகுப்பில் மதுபானம் நிரப்பிய பீங்கான் வீடுகளைத் தருவார்கள். நிறுவனத்தின் பிறந்தநாளான ஒக்டோபர் 7இல் ஆண்டுக்கொரு புது வீடு வரும். என்னிடம் ஒன்று இருக்கிறது, காலியாக. நான் காலி செய்யவில்லை.

பொகவந்தலாவை, ஒரு சகோதரி: அம்மா 14 வருடம் குவைத்தில் வீட்டுப் பணிப்பெண்ணாக இருந்தார். அங்கே வீட்டு அம்மா கொடுத்ததாக ஒரு சின்னப் பை. பெயர் அழிந்துவிட்டது. அம்மா அதில்தான் பாஸ்போர்ட்டும் எங்கள் பள்ளிக்கூடப் படங்களும் வைத்திருந்தார். இப்போது அம்மா இல்லை. இதற்கு ஏதாவது மதிப்பு உண்டா அண்ணா?

விற்கும் எண்ணத்தில் கேட்டிருந்தால், ஒன்றும் கிடைக்காது தங்கச்சி. நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சிப்பின் இழுவை உடைந்து, அதற்குப் பதிலாகச் சிவப்பு நூலைப் பின்னிக் கட்டியிருக்கிறார். மூலையில் கறுப்பு நூலால் ஒட்டுப் போட்டிருக்கிறார். அவற்றை மாற்ற வேண்டாம். கழுவவும் வேண்டாம். படங்களை மட்டும் வெளியே எடுத்துக் கடதாசி உறையில் தனியாக வையுங்கள். பூச்சு பிசுபிசுக்கத் தொடங்கினால் படம் பையோடு ஒட்டிக்கொள்ளும். உள்ளறையில் ஏதோ குழாய் போலப் புடைத்துத் தெரிகிறது. பற்பசையாக இருக்கலாம். அதை இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.