ஏழாண்டு உதவியாளர்: ராட் பிரின்டமோர் பற்றிய கேள்வி பதில்

கரோலினா ஹரிகேன்ஸ் ஐஸ் ஹாக்கி அணியின் கேப்டனாக இருந்து, பின்னர் அதே அணியின் தலைமைப் பயிற்சியாளரான ராட் பிரின்டமோரைப் பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில் அளிக்கிறேன். அவருடைய குடும்பம், சம்பளம் குறித்த கேள்விகளை ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: அவர் எப்படிப்பட்ட ஆட்டக்காரர்?

பதில்: 1970இல் ஒட்டாவாவில் பிறந்தவர். 1988இல் செயின்ட் லூயிஸ் புளூஸ் அணி அவரைத் தேர்ந்தெடுத்தது. 1991இல் பிலடெல்ஃபியாவுக்கும் 2000 ஜனவரியில் கரோலினாவுக்கும் மாறினார். வட அமெரிக்காவின் தலையாய ஐஸ் ஹாக்கி தொடரான என்.எச்.எல்.-இல் 1,484 ஆட்டங்கள், 452 கோல்கள். இந்தக் கணக்கை மட்டும் வைத்து அவரை அளக்க வேண்டாம் என்று முதலிலேயே எச்சரித்துவிடுகிறேன். எதிரணியின் வலுவான தாக்குதல் வரிசையை மறித்து ஆடும் பொறுப்பு அவருடையது. நடுவர் பனித்தரையில் போடும் பக்குக்காக (பந்துக்குப் பதிலான ரப்பர் வட்டு) இருவர் மல்லுக்கட்டும் ஃபேஸ்ஆஃபில் அவரை வெல்வது கடினம். தற்காப்பில் சிறந்த முன்வரிசை வீரருக்கான செல்கி விருதை 2006, 2007 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் பெற்றார். இத்தகைய வீரர் பக் தம்மிடம் இல்லாத நேரத்திலும் கோல் காப்பாளர்கள் தவிர மற்ற ஒன்பது பேர் எங்கே நிற்கிறார்கள் என்பதைக் கவனித்தபடியே இருக்க வேண்டும். பயிற்சியாளரின் வேலையில் பாதி அதுதான்.

கேள்வி: ஓய்வு பெற்றதும் பயிற்சியாளராகிவிட்டாரா?

பதில்: இல்லை. 2010இல் ஆட்டத்தை விட்டவர், 2011 முதல் 2018 வரை பால் மாரிஸ், கிர்க் முல்லர், பில் பீட்டர்ஸ் என்று மூவரிடம் உதவிப் பயிற்சியாளராக இருந்தார். அந்த ஏழு பருவங்களில் ஒன்றில்கூட அணி, பருவத்தின் முடிவில் கோப்பைக்காக நடக்கும் பிளேஆஃப் சுற்றை எட்டவில்லை. 2006இல் என்.எச்.எல். சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பையைத் தூக்கிய கேப்டன், தான் ஆடிய அணி ஆண்டுதோறும் தோற்பதை இரண்டாம் வரிசையில் நின்று பார்த்தார் என்பதைப் பலர் ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். 2018இல் தலைமைப் பொறுப்பு அவருக்கு வந்தது; முதல் பருவத்திலேயே அணி கிழக்குப் பிரிவின் இறுதிச் சுற்று வரை சென்றது. 2021இல் சிறந்த பயிற்சியாளருக்கான ஜாக் ஆடம்ஸ் விருதும் கிடைத்தது.

கேள்வி: வேய்ன் கிரெட்ஸ்கியைவிடப் பெரிய ஆட்டக்காரர் உண்டா? அவரே பயிற்சியாளராகத் தோற்றார். ஆகவே ஆட்டக்காரர் நல்ல பயிற்சியாளராவதெல்லாம் அதிர்ஷ்டம்தானே?

பதில்: கிரெட்ஸ்கி 2005இல் ஃபீனிக்ஸ் கயோட்டீஸ் அணியை ஏற்றார். நான்கு பருவங்களில் 143 வெற்றிகள்; பிளேஆஃப் ஒருமுறையும் இல்லை. அதற்கு முன் அவர் யாருக்கும் உதவிப் பயிற்சியாளராக இருந்ததில்லை. இதில் அதிர்ஷ்டத்துக்கு என்ன வேலை?

அதே வாசகர் மீண்டும்: கயோட்டீஸ் நிறுவனம் 2009இல் திவால் மனு கொடுத்தது. அப்படிப்பட்ட அணியை வைத்துக்கொண்டு யாரால் வெல்ல முடியும்? முன்னாள் கோல் காப்பாளர் பாட்ரிக் ருவா 2013இல் கொலராடோ அணிக்குப் பயிற்சியாளராக வந்த முதல் பருவத்திலேயே ஜாக் ஆடம்ஸ் விருதை வாங்கினாரே!

பதில்: திவாலைப் பற்றி நீங்கள் சொல்வது நியாயம், கிரெட்ஸ்கி மீதான என் தீர்ப்பை அந்த அளவுக்குத் தளர்த்திக்கொள்கிறேன். ஆனால் ருவாவின் உதாரணம் எனக்குத்தான் சாதகமாக இருக்கிறது. கொலராடோவுக்கு வருமுன் அவர் எட்டுப் பருவங்கள் கியூபெக்கில் இளையோர் அணியொன்றைப் பயிற்றுவித்து, 2006இல் இளையோருக்கான மெமோரியல் கோப்பையையும் வென்றவர். இன்னும் பின்னால் போனால் டோ பிளேக் இருக்கிறார்: 1948இல் கால் முறிந்து ஆட்டம் முடிந்தபின் சிறிய அணிகளில் ஏறக்குறைய ஏழாண்டுகள் பயிற்சியாளராகத் தேர்ந்து, 1955இல் மான்ட்ரியாலுக்கு வந்து எட்டு ஸ்டான்லி கோப்பைகளை வென்றார். இவர்களை விட்டுவிட்டு அதிர்ஷ்டத்தைப் பேசுவது எனக்கு உடன்பாடில்லை.

கேள்வி: பயிற்சியாளராக 2025 வரை ஏன் இறுதிப் போட்டியை எட்ட முடியவில்லை? (மூவர் கேட்டுள்ளனர்.)

பதில்: 2019, 2023, 2025 ஆகிய மூன்று ஆண்டுகளிலும், இறுதிப் போட்டிக்கு முந்தைய கிழக்கு இறுதிச் சுற்றில் தோற்றதைத்தான் கேட்கிறீர்கள். எதிரணியை அதன் எல்லையிலேயே நெருக்கி, ஓயாமல் ஷாட் அடிக்கும் முறை அவருடையது. சிறந்த கோலி (கோல் காப்பாளர்) ஒருவர் எதிரே நின்றால் அந்த எண்ணிக்கை கோலாக மாறுவதில்லை என்பது என் கருத்து. ஆனால் இங்கேயும் கணக்கை மட்டும் பார்க்காதீர்கள். 2023இல் ஃப்ளோரிடாவிடம் ஆடிய நான்கு ஆட்டங்களும் தோல்விதான். நான்கும் ஒரே கோல் வித்தியாசம், முதல் ஆட்டம் நான்காவது கூடுதல் நேரம் வரை நீண்டது. ஃப்ளோரிடாவின் பயிற்சியாளர் வேறு யாருமல்ல, பிரின்டமோர் முதலில் உதவியாளராக இருந்த பால் மாரிஸ்தான். 2025இலும் அவரே வீழ்த்தினார்.

கேள்வி: பிரின்டமோர் 2025 வரை பயிற்சியாளராக ஏன் இறுதிப் போட்டிக்குப் போகவில்லை?

பதில்: மேலே உள்ளதைப் படிக்கவும்.

கேள்வி: இது நம் ஊர் ஹாக்கி போலத்தானா?

பதில்: இல்லை. அதற்குப் புல்வெளி ஹாக்கி தெரிந்தவரைக் கேளுங்கள்.

கேள்வி: அவர் ஆடியதில் எதை முதலில் பார்க்கலாம்?

பதில்: எட்மன்டனுக்கு எதிரான 2006 இறுதிப் போட்டியின் முதல் ஆட்டத்தைப் பாருங்கள். கரோலினா மூன்று கோல் பின்தங்கி, ஆட்டம் முடிய 32 விநாடிகள் இருக்கையில் அவர் அடித்த கோலால் 5–4 என்று வென்றது. எதிரணி கோலி தடுமாறிய பக்கை வலைக்குள் தள்ளிய எளிய கோல் அது. அந்த இடத்துக்கு அவர் எங்கிருந்து வந்தார் என்பதைப் பின்னோக்கி ஓட்டிப் பாருங்கள்.